முதலில் கையெழுத்து, நிலம் அப்புறம்

கேள்வி: என் கணவருக்கு வயது 54. இரண்டு மாதமாக மறதி, பேச்சில் குழறல். தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்ததில், மூளையில் லிம்போமா என்ற புற்றுநோயாக இருக்கலாம், கட்டியில் துளி எடுத்துச் சோதிக்கும் பயாப்சி செய்யணும் என்கிறார்கள். பத்து மா நஞ்சை நிலமும் 4 லட்சம் டெபாசிட்டும் அவர் பெயரில் இருக்கின்றன. என்னிடம் 12 பவுன் நகை. காப்பீடு இல்லை. அதில் ஐந்து மா நிலத்தை உடனே விற்றுவிடலாம் என்கிறார் கொழுந்தனார். விற்கலாமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: இப்போது விற்காதீர்கள், அம்மா. இந்த வைத்தியம் பணத்தை ஒரே நாளில் கேட்காது. மற்ற மூளைக் கட்டிகளைப் போல இதை வெட்டி எடுப்பது வழக்கமில்லை. பயாப்சியில் உறுதியானால், பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்தை அதிக அளவில், கூடவே ரிட்டுக்சிமாப் என்ற மருந்தையும் ஏற்றுவார்கள். சுமார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சில நாள் படுக்கையில் வைத்து, ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கியதும் அனுப்புவார்கள். இது மாதக்கணக்கில் நீளும். மெத்தோட்ரெக்சேட்டின் விலை பெரிதில்லை. படுக்கை, பரிசோதனை, கூட இருப்பவரின் சாப்பாடு, பஸ் செலவு எல்லாம்தான் ஏறிக்கொண்டே போகும். முதல் சில சுற்றுகளுக்கு டெபாசிட்டும் நகைக்கடனும் கைகொடுக்கும். பிறகு ஸ்டெம்செல் (ரத்தத்தை உருவாக்கும் மூல செல்) ஏற்றும் சிகிச்சை என்றால் பெருந்தொகை வேண்டும். நிலத்தைப் பற்றி அப்போது நிதானமாக விலை பேசலாம். அதுவரை சாகுபடியைக் கொழுந்தனார் பார்த்துக்கொண்டால் அதுவே பெரிய உதவி.

பணம் சேரட்டும் என்று பயாப்சியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இடையில் மூளை வீக்கத்துக்கு ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் இந்தக் கட்டி தற்காலிகமாகச் சுருங்கி, பயாப்சியில் பிடிபடாமல் போகலாம். மறுபடி செய்ய இரட்டைச் செலவு. ஏற்கெனவே கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாருடன் திருவாரூர் கலெக்டர் அலுவலகம் போங்கள். எந்தெந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேளுங்கள். கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனை வைத்தியத்துக்குத் திருப்பாதீர்கள். தவணை தவறினால் வட்டியில்லாச் சலுகை போய்விடும்.

எனக்கு உறுத்துவது வேறு. நோய் இருப்பது மூளையில். இன்று அவருக்கு இருக்கும் தெளிவு அடுத்த மாதமும் இருக்கும் என்று நம்பி உட்கார முடியாது. அவர் சார்பில் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரமான பவர் எழுதி வாங்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கொடுத்தவர் புத்தித் தெளிவை இழந்தால் அந்தப் பவர் செல்லாது. அப்புறம் அவர் பணத்தையே எடுக்க நீங்கள் கோர்ட்டுக்கு அலைய நேரிடும். அதனால் அவரிடம் மறைக்காமல் பேசுங்கள், அவர் விருப்பத்தைக் கேளுங்கள். சம்மதித்தால், கணக்கிலும் டெபாசிட்டிலும் உங்கள் பெயரைச் சேர்த்து, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி மாற்றுங்கள். இந்த வாரமே, அவர் தெளிவாக இருக்கும் ஒரு காலையில், வங்கிக்கு அழைத்துப் போங்கள்.