வாசகர் கேள்வி: பையன்களே நடத்திய கழகம்

கேள்வி: நியூயோர்க்கின் யூதக் குடியிருப்புகளில் முற்காலத்தில் இயங்கிய சிறுவர் விளையாட்டுக் கழகங்களைப் பெரியவர்கள்தாம் நடத்தினார்களா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: எல்லாவற்றையும் அல்ல. புரூக்ளினில் யூதத் தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பிரவுன்ஸ்வில் பகுதியில், மாலைநேரப் பாடசாலை விளையாட்டிடங்கள் பதினான்கு வயதைத் தாண்டியோருக்கு மூடப்பட்டதை எதிர்த்து, தெருமுனைக் குழுக்களாகப் பந்தாடிக்கொண்டிருந்த பையன்களே ஒன்றுதிரண்டு 1940இல் பிரவுன்ஸ்வில் சிறுவர் கழகத்தைத் தொடங்கினார்கள். (நம்மூர் ஒழுங்கைகளில் கிரிக்கெட் ஆடுவோர் இவ்வளவு கட்டுக்கோப்பாக ஒன்றுதிரண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.) கறுப்பினச் சிறுவர்களையும் அவர்கள் சேர்த்துக்கொண்டது, அக்கால அமெரிக்காவில், விளையாட்டு வெற்றிகளைவிடப் பெரிய காரியம் என்பேன். பிற்பாடு வணிகர் ஏப் ஸ்டார்க் முன்னின்று நிதி திரட்ட, 1953இல் பெரிய கட்டடம் எழுந்தது. ஆனால் அதன் நிர்வாகம் பையன்களின் கையில் நிலைக்கவில்லை, கட்டடமும் பின்னர் நகர நிர்வாகத்திடம் போய்ச் சேர்ந்தது.