உங்கள் கடிதத்தில் அம்மாவுக்கு ஒரே வரி

கேள்வி: அப்பா இறந்து ஆறு மாதம் ஆகிறது. தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். துக்கத்திலிருந்து புத்தகங்களால் மீண்டேன் என்று எழுதியவர்களின் தன்வரலாறுகளைப் படித்துப் பார் என்று நண்பர் சொன்னார். அமெரிக்கர்களான நினா சாங்கோவிச், வில் ஷ்வால்பி இருவருடையதையும் படித்தேன். அவற்றில் வரும் நாவல்களில் ஏழெட்டை வாங்கியும் படித்துவிட்டேன். மனம் கொஞ்சமும் லேசாகவில்லை. அம்மா வேறு சாயங்காலமானால் டிவியைப் போட்டுவிட்டு, அதைப் பார்க்காமலே உட்கார்ந்திருக்கிறார். சாய்வு நாற்காலியும் நேரமும் உள்ளவர்கள் செய்யும் ஏமாற்று வேலைதானே இதெல்லாம்?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: ஏமாற்று வேலை இல்லை. மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல அவற்றைப் படித்து, அதிலிருந்த பெயர்களையெல்லாம் வாங்கி விழுங்கியிருக்கிறீர்கள். அப்புறம் குணமாகவில்லையே என்று எழுதியவர்கள்மேல் கோபப்படுகிறீர்கள். எனக்கு உங்கள்மேல் கொஞ்சம் கோபம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நாள் கணக்கைப் பாருங்கள். சாங்கோவிச்சின் அக்கா புற்றுநோயில் இறந்தது 2005-ல், 46 வயதில். தினம் ஒரு புத்தகம் என்று ஒரு வருஷம் படிக்கத் தங்கை உட்கார்ந்தது 2008 அக்டோபரில், தனக்கும் 46 ஆன பிறந்தநாள் அன்று. நடுவில் மூன்று வருஷம், வீட்டில் நான்கு பையன்களையும் வைத்துக்கொண்டு, நின்றால் அழுகை வந்துவிடும் என்பதுபோல ஓடிக்கொண்டே இருந்திருக்கிறார். படிக்கிற நமக்கு அந்த மூன்று வருஷமும் சில பக்கங்களில் கடந்துவிடுகிறது. உங்கள் வீட்டில் முதல் வருஷத் திதிகூட இன்னும் வரவில்லை.

சாய்வு நாற்காலி பற்றிச் சொன்னது பாதி உண்மை, ஒத்துக்கொள்கிறேன். சாங்கோவிச் வழக்கறிஞராக இருந்தவர். ஷ்வால்பி நியூயார்க்கில் பெரிய பதிப்பகத்தின் தலைமை ஆசிரியராக இருந்தவர். நம் மலையிலும் புத்தகம் முதலில் வசதியுள்ளவர்களிடம்தான் வந்து சேர்ந்தது. ஊட்டியில் 1859-ல் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய நீலகிரி நூலகம் இன்றைக்கும் உறுப்பினர்களுக்கானதுதான், அந்தக் காலத்தில் கொழுந்து கிள்ளியவர்கள் அதன் படியேறியிருக்க வழியே இல்லை.

ஆனால் துன்பத்தில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் எல்லாருமே அந்த வகை என்றால் ரஷ்ய எழுத்தாளர் கார்க்கியை எங்கே வைப்பீர்கள்? அப்பா இல்லை, அம்மாவும் போய்ச் சேர்ந்தாயிற்று, வெளியே போய்ப் பிழைத்துக்கொள் என்று தாத்தா அனுப்பிவிட்டார். வால்கா நதிக் கப்பலில் தட்டு கழுவுகிற பையன். அந்தக் கப்பலின் சமையற்காரர் ஸ்மூரி ஒரு பெட்டியில் புத்தகங்கள் வைத்திருந்தார். பையனைக் கூப்பிட்டு உரக்க வாசிக்கச் சொல்வார், தட்டெல்லாம் கிடக்கிறதே என்றால் வேறொருவன் கழுவட்டும் என்பார். பிறகு வேலைக்குப் போன வீட்டில், பையன் ராத்திரியில் படித்து மெழுகுவர்த்தியைத் தீர்த்துவிடுவான் என்று அதன் நீளத்தைக் குச்சியால் அளந்து வைத்தார்கள். அவன் ஒரு செப்புப் பாத்திரத்தை ஜன்னலோரம் பிடித்து, அதில் பட்ட நிலா வெளிச்சத்தைப் பக்கத்தின்மேல் விழவைத்துப் படிக்கப் பார்த்தான். அவருடைய தன்வரலாறு தமிழில் வெகுகாலமாக இருக்கிறது. ஏழெட்டு நாவல் வாங்கிய காசில் அதையும் வாங்கியிருக்கலாம்.

இனி உங்கள் பட்டியலுக்கு வருவோம். உங்களைப் போலவே தேடிப்போய்ப் படித்து ஏமாந்தவர் ஒருவர் உண்டு, ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில். 1826-ல், 20 வயதில், எதிலுமே ஆசையற்றுப் போய்விட்டது அவருக்கு. தீவிர உணர்ச்சிகளுக்குப் பேர்போன கவிஞராயிற்றே, தன்னை ஏதாவது அசைக்கிறாரா பார்ப்போம் என்று பைரன் கவிதைகள் முழுவதையும் படித்திருக்கிறார். பலன் இல்லை, நிலைமை இன்னும் மோசமானதுதான் மிச்சம், ஏனென்றால் பைரனின் மனமும் தன் மனம்போலவே கிடந்தது என்கிறார். வோர்ட்ஸ்வொர்த் என்ற இன்னொரு கவிஞர் அவருக்கு உதவியது 1828-ல். அப்போது எந்த எதிர்பார்ப்பும் இல்லாமல், சும்மா என்ன எழுதியிருக்கிறார் பார்க்கலாம் என்றுதான் எடுத்திருக்கிறார். இதையெல்லாம் அவரே தன் தன்வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது முதல் வெளிச்சம் அவருக்கு வந்த இடம். மார்மொண்டேல் என்ற பிரெஞ்சுக்காரரின் நினைவுக் குறிப்புகளைத் தற்செயலாகப் படித்துக்கொண்டிருக்கிறார். அதில் அப்பா இறந்துபோகிறார், குடும்பம் திகைத்து நிற்கிறது, சின்னப் பையனாக இருந்த மார்மொண்டேல் நீங்கள் இழந்த இடத்தில் இனி நான் இருக்கிறேன் என்று வீட்டாருக்குத் தைரியம் சொல்கிறான். அந்த இடத்தில் மில்லுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அந்த நிமிஷத்திலிருந்து பாரம் குறைந்தது என்று எழுதுகிறார். கவனியுங்கள், அவரைத் தொட்டது இன்னொருவருடைய தன்வரலாறு, அதிலும் வீட்டாரைப் பார்த்துத் திரும்பி நின்ற ஒரு பையன்.

இப்போது என் கோபம். உங்கள் கடிதம் நான்கு பக்கம், இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். அந்த நான்கு பக்கத்தில் எந்த நாவல் எந்த அத்தியாயத்தில் அலுத்தது என்றுகூட எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு ஒரே ஒரு வரி. அதுவும் 'அம்மா வேறு'. கணவரைப் பறிகொடுத்த மனுஷி ஓடாத மனதோடு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்து அறையில் நீங்கள் ஆறுதல் தேடிப் பக்கம் புரட்டிக்கொண்டிருக்கிறீர்கள்!

ஷ்வால்பியின் புத்தகத்தை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். அவருடைய அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய், கீமோ கொடுக்கிற மருத்துவமனையில் காத்திருக்கும் நேரம், இப்போது என்ன படிக்கிறாய் என்ற கேள்வியில்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது. எந்தக் கதையையும் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிடுகிற அம்மா அவர். மகனுக்கு நேரடியாகக் கேட்க வாய் வராதவை, சாவைப் பற்றி, பயத்தைப் பற்றி, கதைமாந்தர்களைச் சாக்காக வைத்துப் பேசப்பட்டுவிடுகின்றன. 2009-ல் அம்மா போகும்வரை அது நடக்கிறது. அதிலிருந்து நீங்கள் நாவல்களின் பெயர்களை மட்டும் குறித்துக்கொண்டு, அந்த அம்மாவை விட்டுவிட்டு வந்துவிட்டீர்கள்.

நம்மிடம் இல்லாததா இது? 1876-ல் தமிழ்ப் புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை கடைசி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவர் அவரைத் தன்மேல் சாய்த்துப் பிடித்திருக்க, இன்னொரு மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து திருவாசகத்தில் அடைக்கலப் பத்தை வாசித்தார். வாசித்தவர் உ.வே.சா. குரலில் வருகிற புத்தகம் நம் வீடுகளுக்குப் பழக்கமானதுதான், இடையில் விட்டுப்போயிற்று.

ஆகவே புதிதாகப் பட்டியல் எதுவும் தரப்போவதில்லை. கிளை நூலகத்துக்குப் போங்கள், வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், நம் பணத்தில் வாங்கிய புத்தகம்தான் அங்கே அடுக்கியிருக்கிறது. கி.ராஜநாராயணன் தொகுத்த நாட்டுப்புறக் கதைகள் இருந்தால் எடுங்கள், வாயால் சொன்ன கதைகள் என்பதால் உரக்க வாசிக்க நாக்கு இடறாது. ஒன்றிரண்டு கதை கொஞ்சம் பச்சையாக இருக்கும், முன்னாலேயே பார்த்துத் தள்ளிவிடுங்கள். மூடுபனி இறங்கி ஐந்தரைக்கே லைட் போடுகிற நாளில், டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கதை வாசியுங்கள். முதல் நாள் என்னடா இது என்பார். வாசியுங்கள். நடுவில் குறுக்கே பேச ஆரம்பித்தால், அது அப்பாவைப் பற்றியதாகத்தான் இருக்கும், புத்தகத்தை மூடிவிட்டுக் கேளுங்கள். எந்தப் பக்கத்தில் விட்டோம் என்று நாளைக்குத் தேடிக்கொள்ளலாம்.