காணியை ஈடு வைக்காதீர்கள், பெடியனைச் சேர்வர் பக்கம் விடுங்கள்

கோண்டாவிலிலிருந்து எழுதிய தாயாருக்கு,

மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி பொறியியல் பீடத்துக்குக் காணாது. லண்டனிலிருக்கும் உங்கள் அண்ணன், கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் பட்டத்துக்குச் சேர்க்கச் சொல்கிறார். முதல் வருடக் காசு தான் தருவாராம், மிச்சத்துக்கு வீட்டுக்குப் பின்னாலுள்ள இரண்டு பரப்புக் காணியை ஈடு வைக்கலாமாம். மகனோ வாய் திறக்கிறானில்லை, ஒரு ரியூட்டறியின் இணையத்தளத்தைப் பராமரித்துக்கொண்டு இரவிரவாக முழித்திருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள்.

கவலைப்படாதீர்கள், எல்லாம் சரிவரும் என்று எழுதுவது எனக்குச் சுலபம். ஈட்டு வட்டியை அந்த ஆறுதல் கட்டாது. ஆகவே நேராகவே சொல்கிறேன்: அந்தக் காணியைத் தொடாதீர்கள். பட்டம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை, ஈட்டுக் காசில் வேண்டாம். மூன்று வருடம் நிரல் எழுதப் பழக்கும் படிப்புக்கு அவ்வளவு காசு கொட்டி, அதே படிப்பை முடித்து வரும் கூட்டத்தோடு வரிசையில் நிற்கப்போகிறவன் உங்கள் மகன். அதுவும் அவனாகக் கேட்காத படிப்பு.

மீள உயர்தரம் எழுதுவது, ஆசிரியர் கல்லூரி, வங்கி வேலை இதெல்லாம் அயலில் எல்லோரும் சொல்லியிருப்பார்கள். விட்டுவிடுவோம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் முறைப்பாடாக எழுதிய ஒரு வரிதான் முக்கியமானது. மாதிரிப் பரீட்சைப் பெறுபேறு ஏழு மணிக்கு வெளியாகும் என்று ரியூட்டறி அறிவித்ததாம். ஏழு அடித்ததும் 600 பிள்ளைகள் ஒன்றாக அழுத்த, தளம் விழுந்ததாம். மகன் விடிய மூன்று மணிவரை கிண்டிக்கொண்டிருந்தானாம். அந்த வேலைக்கு உலகில் சம்பளம் கொடுக்கிறார்கள். சேர்வர் நிர்வாகம் என்று பெயர்: இணையத்தளத்தை ஓடவைக்கும் கணினியையும் மென்பொருளையும் விழாமல் பார்த்துக்கொள்வது. அதில் என்ன இருக்கிறது என்று விளங்காமல் அண்ணனோடு கதைக்க முடியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மகனையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்.

அவன் பாவிப்பது பைதன் என்ற நிரல்மொழியும், அதில் எழுதிய தளத்தை ஓடவைக்கும் ஜீயூனிகோர்னும் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது பிரீஃபோர்க், அதாவது முன்னமே பிரித்துவைக்கும் வகைச் சேர்வர். பந்திக்கு ஆட்கள் வந்து குந்திய பிறகு பரிமாறுகிறவரைத் தேடி ஓடாமல், முன்கூட்டியே ஐந்து பேரை வாளியோடு நிறுத்திவைப்பது போன்ற ஏற்பாடு. தாய்ப் புரொசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) ஒன்று வாசலைத் திறந்துவைக்கும்; தன்னைப்போலவே சில பிள்ளைகளை முன்னமே பிரதி எடுத்து நிறுத்தும். ஒருவர் பக்கத்தைத் திறக்க அழுத்தும்போது வரும் கோரிக்கையைச் சும்மா நிற்கும் பிள்ளை ஒன்று எடுத்துக்கொள்ளும். ஒரு பிள்ளை விழுந்தால் மற்றவை நிற்கும், தாய் இன்னொன்றைப் பெற்றுக்கொள்ளும். உறுதியான முறைதான். ஒவ்வொரு பிள்ளையும் நினைவகத்தில் தனித்தனியாகச் சாப்பிடும் என்பதுதான் அதன் விலை.

மகன் அன்றிரவு செய்த பிழையை என்னால் ஊகிக்க முடியும். முதன்முறை எல்லோரும் செய்வதுதான். வேர்க்கர் எனப்படும் அந்தப் பிள்ளைப் புரொசஸ்களை 5இலிருந்து 40 ஆக்கியிருப்பான். கணக்கைப் பாருங்கள். சேர்வரில் 4096 மெகாபைட் நினைவகம், இரண்டு சிபியூ என்று வைப்போம். இயங்குதளத்துக்கும் ஜீயூனிகோர்னுக்கு முன்னால் நிற்கும் எஞ்சின்எக்ஸ் என்ற வாசல் சேர்வருக்கும் 400, போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்துக்கு 800, அவசரத்துக்கு 500 ஒதுக்கினால் மிச்சம் ஏறக்குறைய 2400. ஒரு வேர்க்கர் 180 மெகாபைட் என்றால் 13க்கு மேல் இடமில்லை. 40 வைத்தால் 7200 வேண்டும். நினைவகம் தீர்ந்ததும் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவே ஆளைத் தேடிக் கொல்லத் தொடங்கும். பெரும்பாலும் அதிகம் சாப்பிடும் தரவுத்தளமோ வேர்க்கரோதான் அகப்படும். அதற்குப் பிறகு பார்க்கிற மாணவருக்கெல்லாம் 500 அல்லது 502 என்ற பிழைப் பக்கம்தான்.

13க்கு இடமிருக்கிறது என்பதற்காக 13 வைக்கவும் கூடாது. சிபியூ எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டு என்பது ஜீயூனிகோர்ன்காரர் சொல்லும் தொடக்கக் கணக்கு, இங்கே 5. ஒரு கோரிக்கைக்கு 200 மில்லிசெக்கன் பிடித்தால் ஐந்து பேர் செக்கனுக்கு 25 கோரிக்கையை முடிப்பார்கள். 600 மாணவருக்கு 24 செக்கன். வரிசையில் நிற்க இடமுண்டு. ஜீயூனிகோர்னின் காத்திருப்பு வரிசை இயல்பாகவே 2048 என்று வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் மாணவர்கள் 24 செக்கன் பொறுமையாக இருப்பார்களா? திரும்பத் திரும்ப அழுத்துவார்கள். அழுத்திவிட்டுப் போனவரின் பழைய கோரிக்கையையும் வேர்க்கர் செய்துமுடித்த பிறகுதான் அடுத்ததைத் தொடும். ஆகவே திருத்த வேண்டிய இடம் 40 என்ற எண் அல்ல. பெறுபேற்றை எடுக்கும் தரவுத்தளக் கேள்விக்கு தேடலை விரைவாக்கும் சுட்டெண் ஒன்று போட்டு 200 மில்லிசெக்கனை 50 ஆக்கினால், அதே ஐந்து பேர் 6 செக்கனில் பந்தியை எழுப்பிவிடுவார்கள்.

முன்னால் எஞ்சின்எக்ஸ் ஏன் என்று அவனைக் கேட்டுப் பாருங்கள். வடமராட்சியில் சிக்னல் குறைந்த மூலையிலிருந்து ஒருவர் கைபேசியில் பார்க்கிறார். பதில் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். எஞ்சின்எக்ஸ் இல்லாவிட்டால் அந்தச் சொட்டு முடியும்வரை ஒரு வேர்க்கர் கட்டுண்டு நிற்கும். அப்படி ஐந்து பேர் வந்தால் கடை மூடியமாதிரித்தான். எஞ்சின்எக்ஸ் பதிலை ஒரே மூச்சில் வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டு ஆறுதலாக அனுப்பும், வேர்க்கர் அடுத்த ஆளிடம் போய்விடும்.

இனி ஆட்களை விழுத்தும் குழிகள். 30 செக்கனில் பதில் தராத வேர்க்கரைத் தாய் கொன்றுவிடும். இதைப் பார்த்ததும் அந்த 30ஐ 300 ஆக்குகிறவர்கள் ஏராளம். நோய் அங்கே இல்லை. பிடிஎஃப் அறிக்கை தயாரிப்பது போன்ற நீண்ட வேலை கோரிக்கைக்குள்ளேயே நடப்பதுதான் நோய். அதை வெளியே எடுத்துத் தனி வரிசையில் போட வேண்டும். நினைவகம் மெல்லக் கசிந்தால், 1000 கோரிக்கைக்கு ஒருமுறை வேர்க்கரை மாற்றும்படி வைக்கலாம்; கூடவே 100 அளவில் ஏற்ற இறக்கமும் கொடுக்க வேண்டும், இல்லையேல் ஐந்தும் ஒரே நேரத்தில் ஓய்வெடுக்கப் போய்விடும். நினைவகத்தை மிச்சம்பிடிக்க, பிள்ளைகளைப் பிரிப்பதற்கு முன்னமே தளத்தின் நிரலைத் தாயில் ஏற்றிவைக்கும் வழி ஒன்று உண்டு. தாயும் பிள்ளைகளும் ஒரே நினைவகப் பக்கங்களைப் பகிர்ந்துகொள்ளும், எழுதும்போது மட்டும் தனிப் பிரதி. ஆனால் பைதன் ஒவ்வொரு பொருளோடும் அது எத்தனை இடத்தில் பாவிக்கப்படுகிறது என்ற எண்ணிக்கையை வைத்திருப்பதால், வாசித்தாலே அந்தப் பக்கத்தில் எழுதியதாகிவிடும். பகிர்வு நாளடைவில் கரையும். இதில் இன்னும் இரண்டு கண்ணிகள். முதலாவது, பிரிப்பதற்கு முன் தரவுத்தள இணைப்பைத் திறந்துவிட்டால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே குழாயில் பேசும், பதில்கள் மாறிப்போகும். ஒருவரின் புள்ளி இன்னொருவருக்குப் போகிறதென்றால் முதலில் தேட வேண்டிய இடம் இது. இணைப்பைப் பிரிந்த பிறகே ஒவ்வொன்றும் திறக்க வேண்டும். இரண்டாவது, இப்படி நிரலை முன்னமே ஏற்றிய சேர்வருக்கு, மீள ஏற்று என்று சொல்லும் வழக்கமான ஹப் சமிக்ஞை அனுப்பினால் புதிய நிரல் ஏறாது. தாயின் வயிற்றில் இருப்பது பழையது. புதிய தாயைப் பக்கத்தில் எழுப்பி, அது எழும்பி ஓடத் தொடங்கிய பிறகு பழையதை ஓய்வுபெறச் செய்ய வேண்டும்.

பிஎச்பி என்ற நிரல்மொழியில் ஓடும் தளங்களுக்கும் இதே தர்க்கம்தான். அப்பாச்சி சேர்வரின் பிரீஃபோர்க் முறையில் இயல்பான உச்சம் 256 பிள்ளைகள்; ஒன்று 40 மெகாபைட் என்றாலே 10 ஜிகாபைட் வேண்டும். சிறிய சேர்வரில் அந்த எண்ணை இறக்காமல் விட்டவர் கூட்டம் வரும் நாளில் அழுவார். (எங்கள் ஊரில் அப்பாச்சி என்றால் அப்பாவின் அம்மா. 1995இல் வந்த இவரும் இந்தத் துறையில் ஒரு பாட்டிதான்.)

இவ்வளவும் படிக்கக் காணி தேவையில்லை. வீட்டில் பழைய லப்டொப் ஒன்றிருந்தால் டெபியன் லினக்ஸை ஏற்றச் சொல்லுங்கள். மூன்று மாதம் கொடுங்கள். முதல் மாதம் லினக்ஸ், கோப்பு அனுமதிகள், சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியில் சேவை எழுதி விழுந்தால் தானே எழும்பும்படி வைப்பது. இரண்டாம் மாதம் மேலே சொன்னது முழுவதும். ஒரே நேரத்தில் 50 பேர், மொத்தம் 2000 கோரிக்கை என்று சோதனைக் கருவியால் அடித்து, வேர்க்கரை 3, 5, 9, 13 என்று மாற்றி, ஒவ்வொரு தடவையும் கொப்பியில் எழுத வேண்டும். மூன்றாம் மாதம் வேண்டுமென்றே கெடுப்பது: வட்டை நிரப்புவது, தரவுத்தளத்தை நிறுத்துவது, காப்புப் பிரதியிலிருந்து மீட்பது. பிறகுதான் மாதம் ஐந்தாறு டொலரில் வாடகைச் சேர்வர். லினக்ஸ் நிறுவனமான ரெட்ஹட்டின் ஆரம்பச் சான்றிதழ்ப் பரீட்சை முழுக்கச் செய்முறைதான். அதற்கு டொலரில் காசு கட்டுவது கடைசிப் படி.

பட்டம் என்ற கடதாசி உறவினருக்குக் காட்ட வேண்டுமென்றால், கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டத்தை வீட்டிலிருந்தே படிக்கலாம். இடையில் நிறுத்தினாலும் டிப்ளோமா, உயர் டிப்ளோமா என்று படிப்படியாகக் கையில் வரும்.

இந்த வேலையின் கசப்பையும் மறைக்கமாட்டேன். இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி அடிக்கும். நன்றாக ஓடும் நாளில் ஒருவரும் பாராட்டமாட்டார், விழுந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். சேர்வர் எழுதும் பதிவேடு முழுக்க ஆங்கிலம். யாழ்ப்பாணத்துக்குள் இதற்கென்றே ஆளெடுக்கும் கொம்பனிகள் குறைவு. கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ வீட்டிலிருந்து வேலை பார்க்க வேண்டிவரும். தொடக்கப் பதவி "சப்போர்ட்" என்றுதான் இருக்கும். அண்ணனுக்கு அது கௌரவமாகப் படாது.

மகனிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அன்றிரவு என்ன நடந்ததென்று எங்காவது எழுதி வைத்திருக்கிறானா? எழுதி வைத்திருந்தால், அல்லது கேட்டதும் எழுத உட்கார்ந்தால், அவன் இந்த வேலைக்கு உரியவன். யார் என்ன சொன்னாலும் தடுக்காதீர்கள். தளம் எழும்பியதும் மறந்துவிட்டான் என்றால், சேர்வரும் வேண்டாம், வேறு வழி பார்ப்போம். அப்போதும் ஈடு வேண்டாம்.

அண்ணன் உதவத்தான் வேண்டும் என்று நின்றால், பழைய லப்டொப்புக்கு 8 ஜிகாபைட் ராமும் ஒரு எஸ்எஸ்டியும் வாங்கித் தரச் சொல்லுங்கள்.