கசால்ஸின் மௌனம் – ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

உங்கள் உரையொன்றில் கேட்டறிந்து, செல்லோ (வயலின் இனத்தைச் சேர்ந்த, உட்கார்ந்து வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) கலைஞர் பாப்லோ கசால்ஸ் வாசித்த, ஜெர்மானிய இசைமேதை பாக்கின் ஆறு தனிச்செல்லோத் தொகுப்புகளை ஒரு மாதமாகக் கேட்டு வருகிறேன். அவர் வாழ்க்கையைத் தேடிப் படித்தபோது ஒரு மனத்தாங்கல் ஏற்பட்டது. உலக நாடுகள் ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியை ஏற்றுக்கொண்டதற்காக அவர் மேடையேற மறுத்துவிட்டார். அதனால் சர்வாதிகாரி எதையும் இழக்கவில்லை, இழந்தவர்கள் ரசிகர்கள்தானே? ஒரு கலைஞர் அரசியலுக்காகத் தன் கலையை நிறுத்திவைக்கலாமா?

அன்புடன்,
ம., திருச்சி

அன்புள்ள ம.,

உங்கள் வருத்தம் நல்ல ரசிகருக்கு வரவேண்டிய வருத்தம்தான். ஆனால் அவர் நிறுத்தியது கச்சேரியை, வாசிப்பை அல்ல. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணாத மனம் அவருக்குச் சிறுவயதிலேயே வாய்த்திருந்தது.

ஸ்பெயினின் கட்டலோனியாவில் எல் வெந்த்ரெல் என்ற சிற்றூரில் 1876ல் பிறந்தவர் அவர். தந்தை தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். மகனுக்கு அவர் செய்துகொடுத்த முதல் வாத்தியம் காய்ந்த சுரைக்குடுக்கையில் தந்தி கட்டியது. உண்மையான செல்லோவைக் கசால்ஸ் பார்த்தபோது வயது 11. பதின்மூன்றாம் வயதில் பார்சிலோனாத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு பழைய இசைத்தாள் கடையில், தந்தையோடு துழாவிக்கொண்டிருந்தபோது, பாக்கின் தனிச்செல்லோத் தொகுப்புகள் கையில் அகப்பட்டன. அன்று அவற்றைப் பயிற்சிப் பாடங்களாகவே கருதினார்கள்; மேடையில் யாராவது வாசித்தால் அதிலிருந்து ஒரு துண்டை மட்டும் வாசிப்பார்கள். கசால்ஸ் நாள்தோறும் அவற்றைச் சாதகம் செய்தார். ஆனால் ஒரு தொகுப்பை முழுமையாக மேடையில் வாசிக்க ஏறத்தாழ 12 ஆண்டுகள் காத்திருந்தார். ஆறையும் ஒலிப்பதிவு செய்யத் தொடங்கியது 1936 நவம்பரில், லண்டனில், அறுபது வயது நிறைய ஒரு மாதம் இருக்கும்போது.

அந்தச் சாதகத்தில் அவர் என்ன செய்தார் என்பதைச் சொன்னால்தான் பிறகு நடந்ததன் கனம் புரியும். வில் பிடிக்கும் கையின் அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொண்டு, அது நழுவாமல் வாசிக்கவேண்டும் என்பது அன்றைய பாடமுறை. முழங்கை உடலோடு ஒட்டியே கிடக்கும். கசால்ஸ் அதை விடுவித்தார். இடக்கையிலும், கையையே மேலும் கீழும் வழுக்காமல், விரல்களை அகல விரித்துச் சுரத்தைத் தொட்டார். நம் வயலினில் வழுக்கலே அழகு. இந்த இசையிலோ அது வரிகளைக் குழப்பிவிடும். முதல் தொகுப்பின் பிரிலூடை, அதாவது அதன் தொடக்கப் பகுதியைக் கேளுங்கள். கீழே திறந்த தந்தி ஒன்று, அதன்மேல் இன்னொன்று, மூன்றாவதில் விரல் பட்ட சுரம். வில் மூன்றையும் தொட்டுத் திரும்புகிறது. வாசிப்பது ஒரே வில்தான். ஆனால் அடிக்குரல் ஒன்று தரையில் நடப்பதும், மேற்குரல் ஒன்று அதனோடு பேசுவதும் தனித்தனியே காதில் விழும். விடுபட்ட முழங்கை இல்லாமல் இது இப்படி ஒலிக்காது.

1936 ஜூலை 18 மாலை பார்சிலோனாவில் அவர் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்ஃபொனிக்கு ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தார். ஸ்பெயின் அரசை எதிர்த்து ராணுவக் கிளர்ச்சி தொடங்கிவிட்டது, உடனே கலைந்து செல்லுங்கள் என்று செய்தி வந்தது. இறுதிப் பகுதியை முடித்துவிட்டுப் போகலாமா என்று குழுவினரைக் கேட்டார், முடித்துவிட்டுத்தான் கலைந்தார்கள். பிடிபட்டால் கசால்ஸின் கைகளை முழங்கையோடு வெட்டுவேன் என்று ஃபிராங்கோவின் தளபதி ஒருவர் வானொலியில் மிரட்டியதை அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அதையடுத்த உள்நாட்டுப் போரில் ஃபிராங்கோ வென்ற 1939ல், எல்லைக்கு அப்பால் பிரான்சில் பிராட் என்ற ஊரில் குடியேறினார். முகாம்களில் அடைபட்டிருந்த ஸ்பானிய அகதிகளுக்காக நாளெல்லாம் கடிதம் எழுதினார், உதவி திரட்டினார். உலகப் போர் முடிந்ததும், 1945ல், நேச நாடுகள் ஃபிராங்கோவையும் அகற்றும் என்ற நம்பிக்கையோடு இங்கிலாந்தில் வாசித்தார். அது நடவாது என்று தெரிந்தபோது ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் தரவிருந்த கௌரவப் பட்டங்களை மறுத்தார், மேடையையும் விட்டார். அந்த அகதிகளைக் கைவிட்டவர்களிடம் பாராட்டை வாங்கிக்கொண்டு, அவர்கள் முன்னால் எப்படி அவர் உட்கார்ந்து வாசிப்பார்? நீங்கள் சொல்லும் இழப்பு உண்மையானதே. நானும் அந்த ஆண்டுகளின் கச்சேரிகளை எண்ணி ஏங்குகிறேன். ஆயினும் அவர் வேறு மாதிரி நடந்திருக்கவேண்டும் என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

அந்த விரதம் இறுகிப்போன பிடிவாதமும் அல்ல. பாக் மறைந்து 200 ஆண்டு நிறைந்த 1950ல், நண்பர்கள் வற்புறுத்தியபோது, பிராடிலேயே விழா நடத்தச் சம்மதித்தார். அவரைக் கேட்க விரும்பியவர்கள் அந்தச் சிற்றூருக்கு வந்தார்கள். 1961ல், அமெரிக்க அதிபர் கென்னடியின் மீது கொண்ட மதிப்பினால், வெள்ளை மாளிகையில் வாசித்தார். 1971ல், 94 வயதில், ஐ.நா. அவையில் ‘பறவைகளின் பாடல்’ என்னும் கட்டலோனிய நாட்டுப்பாடலை வாசித்தார். 1973ல் புவேர்ட்டோ ரிக்கோவில் காலமானார். ஃபிராங்கோ இறந்தது 1975ல். கசால்ஸின் உடல் எல் வெந்த்ரெலுக்கு வந்து சேர்ந்தது 1979ல்.

ஐந்தாம் தொகுப்பின் சாரபாந்தை, அந்த மெதுவான நடனப் பகுதியை, இன்னொரு முறை கேளுங்கள். அதில் எங்குமே இரண்டு சுரங்கள் சேர்ந்து ஒலிப்பதில்லை; ஒற்றை வரி மட்டும் மெல்ல இறங்குகிறது. பார்சிலோனா ஃபிராங்கோவின் படையிடம் வீழ்ந்தது 1939 ஜனவரியில். இந்தப் பதிவு அதே ஆண்டு ஜூனில், பாரிஸில் செய்யப்பட்டது.

அன்புடன்.