கொக்கி இல்லாவிட்டால் பெண் என்று அர்த்தமா?

கேள்வி: எட்டு மாதத்துக்கு முன் வாட்ஸ்அப் குழு ஒன்றின் மூலம் 280 வெள்ளிக்கு இந்தியன் ஆர்னமென்டல் டரன்டுலா (பெரிய சிலந்தி) ஒன்று வாங்கினேன். அப்போது நாலு சென்டிமீட்டர்தான் இருந்தது. இப்போது கால் விரிப்பு ஒன்பது சென்டிமீட்டர். "கேரண்டி பெண்" என்று சொல்லித்தான் கூடுதல் விலை வாங்கினார்கள். கூட்டாளி ஒருவன் பார்த்துவிட்டு ஆண் மாதிரி தெரிகிறது என்கிறான். விற்றவரைக் கேட்டால், "முன்காலில் கொக்கி இல்லையே, அப்ப பெண்தானே" என்கிறார். ஜோடி சேர்க்க 150 வெள்ளிக்கு ஓர் ஆணையும் தருகிறேன் என்கிறார். கடைசியாக உரித்த தோலைத் தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன். எப்படித் தெரிந்துகொள்வது?
(வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா)

பதில்: தம்பி, அந்தத் தீப்பெட்டியைப் பத்திரப்படுத்துங்கள். விற்றவர் சொன்னதும் கூட்டாளி சொன்னதும் ஒரு பக்கம் கிடக்கட்டும். உங்கள் சிலந்திக்காகச் சாட்சி சொல்லக்கூடியது அந்தப் பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும் சட்டைதான்.

முதலில் இந்தக் கொக்கிக் கதையை முடித்துவிடுவோம். டரன்டுலாக்களில் பெரும்பாலான இனங்களின் வயது வந்த ஆணுக்கு முன்கால் இரண்டிலும், உள்பக்கம் பார்த்தபடி, ஒரு முள் அல்லது கொக்கி இருக்கும். இணை சேரும்போது பெண்ணின் நச்சுப்பற்களைப் பிடித்து நிறுத்தத்தான் அது. ஆனால் அது ஆணின் கடைசித் தோல் உரிப்பில்தான் வெளியே வரும். அதுவரைக்கும் ஆணுக்கும் கொக்கி கிடையாது, பெண்ணுக்கும் கிடையாது. வளர்கிற சிலந்தியில் கொக்கி இல்லை என்று சொல்வது, கைக்குழந்தைக்கு மீசை இல்லை, அதனால் பெண் குழந்தை என்று சொல்வதற்குச் சமம்.

அதைவிட முக்கியமானது ஒன்று. உங்களிடம் இருப்பது பொய்சிலோத்தீரியா ரிகாலிஸ். வளர்ப்பவர்கள் பேச்சில் "போக்கி". (அதன் வேகத்தைப் பார்த்தவர்களுக்குப் போக்கிரி என்றே காதில் விழும்.) இந்தியாவிலும் இலங்கையிலும் மரப்பொந்துகளில் வாழும் இந்தப் பேரினத்தில் ஆணுக்குக் கொக்கி முளைப்பதே இல்லை. குஞ்சில் இல்லை, வயது வந்தபின் இல்லை, சாகும் நாளிலும் இல்லை. கொக்கி இல்லாததெல்லாம் பெண் என்றால் உலகத்தில் உள்ள போக்கி எல்லாமே பெண்ணாக இருக்க வேண்டும். அப்புறம் குஞ்சு எங்கிருந்து வருகிறது? தென் அமெரிக்காவின் கோலியாத் டரன்டுலா ஆணுக்கும் இப்படித்தான், கொக்கி கிடையாது. இது தெரியாமல் ஒருவர் போக்கி விற்கிறார் என்றால் அவருக்குத் தொழில் தெரியவில்லை. தெரிந்தே சொல்கிறார் என்றால் அதற்குப் பெயர் வேறு.

போக்கியில் வயது வந்த ஆணைக் காட்டிக்கொடுப்பது உணர்கை. வாய்க்கு இரு பக்கமும், முன்கால்களுக்கு நடுவே, குட்டைக் கால் போல நீட்டிக்கொண்டிருக்கும் ஜோடி அது. பெண்ணிலும் இளசிலும் அதன் நுனி மற்றக் கால்களின் பாதம் போலவே நேராக முடியும். ஆண் கடைசியாக உரித்து வெளியே வரும்போது அந்த நுனி குத்துச்சண்டைக் கையுறை மாட்டியது போல உருண்டிருக்கும். கீழே மடிந்த நிலையில் கறுத்த மணி போன்ற ஒன்று தெரியும். அதில்தான் விந்தை எடுத்துச் செல்லும். கூடவே உடல் வற்றி, கால் நீண்டு, நிறம் மங்கி, ராத்திரி முழுக்கப் பெட்டிக்குள் நடந்துகொண்டே இருக்கும். ஒன்பது சென்டிமீட்டரில் உங்களுடையது அந்தக் கட்டத்துக்கு வந்திருக்காது. அதனால் உணர்கை மெலிந்திருப்பதை வைத்தும் பெண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அடிவயிற்றைப் பார்த்துச் சொல்லும் முறையும் உண்டு. கண்ணாடிச் சுவரில் சிலந்தி ஒட்டியிருக்கும்போது வெளியிலிருந்து கைப்பேசியில் படம் எடுங்கள். வயிற்றின் முன்பகுதியில் நான்கு வெளிர்த் திட்டுகள் தெரியும். அவை புத்தக நுரையீரல்கள், சிலந்தி மூச்சு விடும் உறுப்புகள். முன் ஜோடிக்கு நடுவே குறுக்காக ஒரு மடிப்பு ஓடும். அந்த மடிப்புக்கு மேலே அடர்ந்த முடியால் ஆன சின்ன அரைவட்டத் திட்டு இருந்தால் ஆணாக இருக்கலாம். மடிப்பின் உதடு தடித்து, அகலமாகப் புடைத்திருந்தால் பெண்ணாக இருக்கலாம். "லாம்" என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். ரிகாலிஸுக்கு அடிவயிற்றில் குறுக்கே ஒரு வெளிர்ப் பட்டை இயல்பாகவே உண்டு. அதைப் பார்த்துக் குழம்பியவர்கள் நிறைய. நாலு சென்டிமீட்டர் குட்டியின் வயிற்றைப் பார்த்து "கேரண்டி" கொடுப்பது ஜோசியம்.

இன்னொன்று: "புரட்டிப் போட்டுப் பார்" என்று எவராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். போக்கி மின்னல் வேகத்தில் கை ஏறும். எதிரி மேல் உதறி விரட்ட அதற்கு அரிப்பு முடி கிடையாது, அதனால் கடியைத்தான் நம்பும். கடித்தால் தசை இழுத்துப் பிடிக்கும் வலி நாள்கணக்கில் நீடிக்கும்.

இப்போது சட்டைக்கு வருவோம். காய்ந்த சட்டையை அப்படியே விரித்தால் அப்பளம் போல நொறுங்கும். வெள்ளைத் தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் சவுக்காரத் திரவம் ஒரே ஒரு சொட்டு விட்டு, அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஊறவிடுங்கள். கால்களும் கடினமான முதுகு ஓடும் உங்களுக்கு வேண்டாம். வேண்டியது வயிற்றுத் தோல். கசங்கிய டிஷ்யூத் தாள் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் தண்ணீருக்குள் வைத்தே, ஓவியத் தூரிகையாலும் மழுங்கிய பல்குச்சியாலும் மெதுவாகப் பிரியுங்கள். வெளியே எடுத்துப் பிரித்தால் விரலில் ஒட்டிக் கிழியும். பெரும்பாலோர் இங்கேதான் கெடுத்துக்கொள்கிறார்கள்.

விரித்த தோலில் முடி உள்ள பக்கம் கீழே, வழவழப்பான உள்பக்கம் மேலே இருக்கட்டும். நான்கு வெள்ளைத் திட்டுகளைத் தேடுங்கள். கால்கள் இருந்த பக்கத்தை ஒட்டிய இரண்டுக்கும் நடுவே அந்தக் குறுக்கு மடிப்பு இருக்கும். பெண்ணாக இருந்தால் மடிப்பின் மேல் விளிம்பிலிருந்து ஒரு சின்ன மடல், சட்டைப் பை மூடி போல, தனியாக எழுந்து நிற்கும். அதுதான் விந்துப்பை, ஆணிடமிருந்து பெற்ற விந்தைப் பெண் சேமித்துவைக்கும் இடம். போக்கியில் அது இரண்டாகப் பிரியாமல் ஒட்டிய ஒரே அகல மடலாக இருக்கும். பல்குச்சி நுனியை அதற்கு அடியில் கொடுத்தால் தூக்கிக்கொண்டு வரும். ஆணில் அந்த இடம் வெறும் தோல். குச்சிக்கு எதுவும் அகப்படாது. சில ஆண் சட்டைகளில் மடிப்பை ஒட்டி இரண்டு சிறு புள்ளி போலத் தெரியும். அதைப் பார்த்துப் பெண் என்று குதிக்க வேண்டாம், புள்ளி தூக்காது, மடல் தூக்கும்.

தோலைக் கண்ணாடித் தட்டுக்கு மாற்றி, அடியில் ஒரு கைப்பேசியின் டார்ச்சைப் போட்டு, மேலே பத்து மடங்கு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒன்பது சென்டிமீட்டர் சிலந்தியின் சட்டைக்கு இது தாராளம். ஐந்துக்குக் கீழே என்றால் நுண்ணோக்கி வேண்டும்; இடைநிலைப்பள்ளி உயிரியல் ஆசிரியரைக் கேட்டுப் பார்க்கலாம். கால்நடை மருத்துவரிடம் போகிறேன் என்று அலையாதீர்கள். நம் பக்கத்து டவுன்களில் ஆடு, மாடு, பூனை, நாய் தாண்டிப் பார்க்க ஆள் கிடைப்பது அபூர்வம்.

தீப்பெட்டிச் சட்டை பூஞ்சை பிடித்திருந்தாலோ, வயிற்றுப் பகுதியைச் சிலந்தியே மென்று போட்டிருந்தாலோ அடுத்த உரிப்புக்குக் காத்திருங்கள். உரித்த ஒரு நாள் கழித்து, சிலந்தி பொந்துக்குள் போனபின், முப்பது சென்டிமீட்டர் நீள இடுக்கியால் எடுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு இரண்டு மூன்று நாள் விட்டாலே பூஞ்சை. உரித்த கையோடு சிலந்தி மெத்தென்று இருக்கும். அப்போது எறும்பு ஏறினால் பிழைக்காது. சமையலறை அலமாரிக் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைக்கிற பழைய பழக்கம் இங்கேயும் உதவும். பற்கள் கறுக்கும்வரை, அதாவது ஏழெட்டு நாளைக்காவது, இரை போடாதீர்கள்.

இனி அந்த வியாபாரி. பெண் பல வருடம் வாழும் என்பதால் பெண்ணுக்குக் கூடுதல் விலை சொல்வது நியாயம்தான். அநியாயம் எங்கே என்றால், சட்டையைக் காட்டாமலே அந்த விலை வாங்குவதில். சிலர் வேறு சிலந்தியின் விந்துப்பைப் படத்தை எல்லாருக்கும் அனுப்புவார்கள். ஒரே படம் மூன்று குழுவில் சுற்றும். இனிமேல் "பெண்" என்று வாங்கினால் அந்தச் சட்டையையும் பொட்டலத்தில் போடச் சொல்லுங்கள். ஆண் என்று தெரிந்தால் விலை வித்தியாசத்தைத் திருப்பித் தருவதாக எழுத்தில் வாங்குங்கள். தர மாட்டேன் என்றால் ஆணா பெண்ணா என்று தெரியாத குட்டியின் விலைக்குத்தான் கேட்க வேண்டும்.

காகிதமும் கேளுங்கள். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் பொய்சிலோத்தீரியா முழுவதும் 2019 முதல் இருக்கிறது. நாட்டுக்குள் கொண்டுவரவும் வெளியே அனுப்பவும் அனுமதி வேண்டும். நம் நாட்டில் அதற்கு 2008ஆம் ஆண்டின் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகச் சட்டம் (686ஆம் சட்டம்) இருக்கிறது. சட்டம் என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. டப்பாவில் ஓட்டை போட்டு, "பொம்மை" என்று எழுதி கூரியரில் அனுப்புகிறவனை யார் பிடிப்பது? பொறுப்பெல்லாம் கடைசியில் வாங்குகிறவன் தலையில் வந்து விழுகிறது. எங்கே, யார் குஞ்சு பொரிக்க வைத்தது என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள்.

அந்த 150 வெள்ளி மாப்பிள்ளையை வாங்கவே வேண்டாம். உங்களுடையது பெண்ணாகவே இருந்தாலும் இன்னும் வயது வரவில்லை. அவர் தருவது கையுறை போட்ட ஆணாக இருந்தால் இது வயதுக்கு வருவதற்குள் அது செத்திருக்கும். கையுறை போடாத இளசாக இருந்தால், அதுவும் ஆண் என்பதற்கு யார் சாட்சி? ஒரே முட்டைப் பையில் பிறந்த அண்ணன் தங்கையாகவும் இருக்கலாம்.

சட்டை ஆண் என்று சொல்லிவிட்டால், இன்னும் சில உரிப்பில் உணர்கை உருண்டுவிடும். அதற்குப் பிறகு அதன் ஆயுள் சில மாதம், அதிகம் போனால் ஒரு வருடத்தை ஒட்டி. அப்போது இரையைத் தொடாமல் மெலிந்தால் நோய் என்று பயந்து மருந்து தேடாதீர்கள். தண்ணீர்க் கிண்ணம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.