கண் பார்ப்பதும் லென்ஸ் பார்ப்பதும்: சிறிய டிஜிட்டல் கேமராக்களின் வியூஃபைண்டரும் ஃபோகஸும் – கேள்வி பதில்

சட்டைப் பையில் அடங்கும் டிஜிட்டல் கேமராக்களைப் பற்றி வந்த கேள்விகளில், வியூஃபைண்டரையும் (கண்ணை வைத்துக் காட்சியைப் பார்க்கும் துளை) ஃபோகஸையும் (படம் தெளிவாக விழும் தொலைவுக்கு லென்ஸை அமைப்பது) தொட்டவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். "எந்த மாடலை வாங்கலாம்?" என்று கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கையில் இருக்கும் கேமரா எதைப் பார்க்கிறது, எதை அளக்கிறது என்று தெரிந்தபின் அந்தக் கேள்விக்கே பலருக்குத் தேவை இருக்காது.

கேள்வி: ஐயா, அப்பாவின் பழைய கேனன் பவர்ஷாட் ஏ வரிசைக் கேமரா அலமாரியில் கிடந்தது. பேட்டரி நெடுநேரம் வரட்டும் என்று திரையை அணைத்துவிட்டு, மேலே இருக்கும் சிறு கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தே எடுக்கிறேன். தூரத்துப் படங்களில் நான் பார்த்ததைவிட ஓரங்களில் அதிகம் விழுகிறது. பக்கத்திலிருந்து எடுத்தால் தலை வெட்டுப்படுகிறது. கேமராவில் கோளாறா?

கோளாறு இல்லை. அந்தத் துளைக்கும் படம் எடுக்கும் லென்ஸுக்கும் ஒளிவழித் தொடர்பு எதுவும் கிடையாது. அது தனியே அமைந்த ஒரு குட்டித் தொலைநோக்கி. நீங்கள் ஜூம் செய்யும்போது உள்ளிருக்கும் பற்சக்கரங்கள் அதையும் உடன் நகர்த்துகின்றன, அவ்வளவுதான். இவ்வகை வியூஃபைண்டர்கள் படத்தின் பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காட்டையே காட்டும்படி வேண்டுமென்றே அமைக்கப்பட்டன. பார்த்தது படத்தில் விழாமல் போவதைவிடப் பார்க்காதது கொஞ்சம் கூடுதலாக விழுவது மேல் என்பது தயாரிப்பாளர்களின் கணக்கு. பரப்பில் 80 விழுக்காடு என்றால், ஒவ்வொரு பக்கமும் சுமார் 5 விழுக்காடு ஓரம் உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் படத்தில் சேர்கிறது.

தலை வெட்டுப்படுவதற்குக் காரணம் வேறு. துளை லென்ஸுக்கு மேலே 3 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பழைய ஃபிலிம் கணக்கில் 35 மி.மீ. லென்ஸுக்கு ஈடான கோணத்தில், அரை மீட்டர் தொலைவில் கேமராவின் சட்டத்துக்குள் அடங்குவது சுமார் 37 செ.மீ. உயரம். அதில் 3 செ.மீ. என்பது 8 விழுக்காடு. மேலே சொன்ன 5 விழுக்காட்டு ஓரச் சலுகையையும் அது விழுங்கிவிடுகிறது. மூன்று மீட்டர் தள்ளி நின்றால் சட்டத்தின் உயரம் இரண்டு மீட்டருக்கு மேல் வரும், அங்கே 3 செ.மீ. ஒரு பொருட்டே அல்ல. ஆகவே அருகில் எடுக்கும்போது கேமராவைச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்துப் பிடியுங்கள், அல்லது திரையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அதே போன்ற கேமராதான் என்னிடமும். துளை வழியே எல்லாம் துல்லியமாகத் தெரிகிறது, படத்தில் மட்டும் முகம் மங்கலாக இருக்கிறது. ஏன்?

துளையில் எப்போதுமே எல்லாம் துல்லியமாகத்தான் தெரியும். லென்ஸ் எங்கே ஃபோகஸ் ஆகியிருக்கிறது என்பதை அது அறியாது. லென்ஸ் முழுவதும் கலங்கியிருந்தாலும் துளையில் உலகம் தெளிவாகவே இருக்கும். அதனால்தான் துளைக்குப் பக்கத்தில் ஒரு சிறு விளக்கை வைத்தார்கள். ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தியதும் பச்சை விளக்கு நிலையாக எரிந்தால் ஃபோகஸ் கிடைத்துவிட்டது என்று பொருள். அது சிமிட்டினாலோ நிறம் மாறினாலோ கேமரா தடுமாறுகிறது. எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்பது கேமராவுக்குக் கேமரா சற்று மாறுபடும். நிலையான பச்சைக்குக் காத்திருக்கும் பழக்கம் வந்துவிட்டால் உங்கள் மங்கல் படங்களில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

விளக்கு எரிந்தாலும், கேமரா எதன் மீது ஃபோகஸ் செய்தது என்பதைத் துளை சொல்லாது. ஒன்பது ஃபோகஸ் கட்டங்களில் ஒன்றைக் கேமராவே தேர்ந்துகொள்ளும் ஏற்பாடு இருந்தால் அதை அணைத்துவிட்டு, நடுக்கட்டத்தை மட்டும் வையுங்கள். முகத்தை நடுவில் வைத்துப் பாதி அழுத்தி, விரலை எடுக்காமலே சட்டத்தை நகர்த்தி, பிறகு முழுதும் அழுத்த வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: உறவினர் வீட்டுப் புதுமனை புகுவிழாவில் இப்படித் துளையில் பார்த்தே எடுத்த என் படங்கள் அத்தனையிலும் ஒரு மூலையில் என் விரல்தான் இருந்தது. துளை அதையும் சொல்லாது.

கேள்வி: இரவில் விளக்கு வெளிச்சத்தில் எடுக்கும்போது லென்ஸ் முன்னும் பின்னும் ஓடி ஓடி, கடைசியில் சிவப்புக் கட்டத்தோடு நின்றுவிடுகிறது. பகலில் நன்றாக இருக்கிறது.

பெரும்பாலான சிறிய கேமராக்கள் கான்ட்ராஸ்ட் முறையில் ஃபோகஸ் செய்கின்றன. படத்தின் ஒரு பகுதியைச் சென்சாரிலிருந்து (ஒளியைப் படமாகப் பதிவுசெய்யும் சில்லு) படித்து, அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே வெளிச்ச வேறுபாடு எவ்வளவு என்று செயலி கணக்கிடுகிறது. லென்ஸைச் சிறிது நகர்த்தி மறுபடி படிக்கிறது. வேறுபாடு கூடிக்கொண்டே போனால் சரியான திசை, குறைந்தால் தவறான திசை. மலையின் உச்சி எது என்பது அதைத் தாண்டி இறங்கத் தொடங்கிய பிறகுதானே தெரியும்? அதனால்தான் லென்ஸ் சரியான இடத்தைக் கடந்துபோய்த் திரும்பி வருகிறது. நீங்கள் காணும் அந்த ஓட்டம் கோளாறல்ல, அந்த முறையின் இயல்பே அதுதான்.

வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு முறை படிப்பதற்கும் சென்சாருக்குக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. அதோடு இரைச்சல் புள்ளிகளும் (காட்சியில் இல்லாத பொய்ப் புள்ளிகள்) சேர்ந்துகொண்டு, எது உண்மையான வேறுபாடு, எது இரைச்சல் என்று பிரிக்க முடியாத நிலை வருகிறது. வெள்ளைச் சுவரும் மூடுபனியும் பட்டப்பகலிலேயே இதே தொல்லையைத் தரும், ஏனெனில் அங்கே ஏறுவதற்கு மலையே இல்லை. வேறொரு விசித்திரமும் உண்டு. பல சிறிய கேமராக்கள் வேறுபாட்டைக் கிடைமட்டத் திசையில் மட்டுமே தேடுவதால், சாத்திய கடையின் இரும்பு ஷட்டரைப் போலக் கிடைக்கோடுகள் மட்டுமே உள்ள பரப்பில் அவை திணறும். கேமராவை நெட்டுவாக்கில் திருப்பிப் பாதி அழுத்தி, பிடித்தபடியே பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் வேலை முடிந்தது.

உங்கள் இரவுப் படங்களுக்கு மூன்று உபாயங்கள் சொல்வேன். ஜூமைப் பயன்படுத்தாமல் அகலக் கோணத்திலேயே நில்லுங்கள். சிறிய கேமராக்களில் ஜூம் நீள நீள லென்ஸுக்குள் வரும் வெளிச்சம் குறைகிறது. முகத்தின் நடுவே குறிவைக்காமல் முகத்துக்கும் இருளுக்கும் இடைப்பட்ட விளிம்பில், அல்லது சட்டைக் காலரில் குறிவையுங்கள். ஃபோகஸ் உதவி விளக்கை அணைத்து வைத்திருந்தால் திரும்பப் போடுங்கள். சில மீட்டர் தொலைவு வரை அது கைகொடுக்கும், மேடைக் கச்சேரிக்குப் பயன்படாது, பாடுபவரின் கண்ணைத்தான் உறுத்தும்.

கேள்வி: பெரிய கேமராக்களில் உள்ள ஃபேஸ் டிடெக்‌ஷன் முறை சிறியவற்றிலும் வந்துவிட்டதா?

வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. (இது முகத்தைக் கண்டறியும் face detection அல்ல, phase detection.) லென்ஸின் இடப்பாதி வழியாகவும் வலப்பாதி வழியாகவும் வரும் ஒளியைத் தனித்தனியே ஒப்பிட்டால், இரண்டு பிம்பங்களும் எவ்வளவு விலகியுள்ளன என்பதிலிருந்து லென்ஸ் எந்தத் திசையில் எவ்வளவு நகர வேண்டும் என்பது முதல் அளவீட்டிலேயே தெரிந்துவிடும். உச்சியைத் தேடி அலைய வேண்டியதில்லை. 2010-இல் ஃபுஜிஃபில்ம் தன் ஃபைன்பிக்ஸ் எஃப்300இஎக்ஸ்ஆர் கேமராவில், சென்சாரின் சில புள்ளிகளைப் பாதி மறைத்து இந்த அளவீட்டுக்கென ஒதுக்கியது. சிறிய கேமராக்களில் அதுவே தொடக்கம். சோனியின் ஆர்எக்ஸ்100 வரிசையில் ஐந்தாவது மாடல், 2016-இல், இத்தகைய 315 இடங்களோடு வந்தது. 2017-இன் கேனன் ஜி1 எக்ஸ் மார்க் 3 ஒவ்வொரு புள்ளியையும் இரண்டாகப் பிரித்து அதையே செய்தது. ஓடும் குழந்தைக்கு இது பெரிய வரம். அசையாத கோபுரத்துக்குப் பழைய முறையே போதும், சொல்லப்போனால் துல்லியத்தில் அது குறைந்ததும் அல்ல.

கேள்வி: மூக்குக் கண்ணாடி அணிபவன் நான். உச்சி வெயிலில் திரை தெரிவதில்லை. மின்னணு வியூஃபைண்டர் (துளைக்குள் ஒரு குட்டித் திரை) உதவுமா?

உதவும், இரண்டு நிபந்தனைகளோடு. முதலாவது, கண்பார்வைக்கேற்பத் திருத்திக்கொள்ளும் டயாப்டர் சக்கரம் இருக்க வேண்டும். அதைத் திருப்பும்போது காட்சியைப் பார்க்காதீர்கள். உள்ளே தெரியும் எழுத்துகளையும் எண்களையும் பார்த்து, அவை கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். காட்சியைப் பார்த்துத் திருப்பினால் லென்ஸின் மங்கலுக்கும் கண்ணின் மங்கலுக்கும் வேறுபாடு தெரியாமல் குழம்பிப்போவீர்கள். இரண்டாவது, கண்ணாடியோடு பார்க்கும்போது நான்கு மூலைகளும் தெரிகின்றனவா என்று கடையிலேயே சோதித்துப் பார்த்துவிடுங்கள்; சிறிய வியூஃபைண்டர்களில் கண்ணைச் சிறிது தள்ளி வைத்தாலே மூலைகள் மறைந்துவிடும்.

2014-இன் ஆர்எக்ஸ்100 மூன்றாவது மாடல், உடலுக்குள் ஒளிந்திருந்து மேலெழும் வியூஃபைண்டரைக் கொண்டுவந்தபோது, சட்டைப் பைக் கேமராவில் இது முடியுமா என்றிருந்த ஐயம் தீர்ந்தது. இதில் நீங்கள் காண்பது லென்ஸ் வழியே வந்த காட்சியே என்பதால் தலை வெட்டுப்படும் பேச்சுக்கே இடமில்லை. முகத்தோடு ஒட்டிப் பிடிப்பதால் கை நடுக்கமும் குறைகிறது. இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

கேள்வி: விளம்பரங்களில் மின்னணு வியூஃபைண்டருக்கு 14.4 லட்சம் புள்ளிகள் என்கிறார்களே, அவ்வளவு துல்லியமா?

மூன்றால் வகுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனிப் புள்ளியாக எண்ணுகிறார்கள். வகுத்தால் கிடைப்பது 4.8 லட்சம், அதாவது 800-க்கு 600.

கேள்வி: தெருவில் மனிதர்களை இயல்பாக எடுக்க விரும்புகிறேன். ஃபோகஸ் ஆவதற்குள் கணம் போய்விடுகிறது. ரிக்கோ ஜிஆர் என்ற சிறிய கேமரா வைத்திருப்பவர்கள் ஃபோகஸே செய்வதில்லை என்கிறார்களே, உண்மையா?

முன்கூட்டியே செய்துவிடுகிறார்கள் என்பதுதான் சரி. ஜிஆர் கேமராவில் ஸ்நாப் ஃபோகஸ் என்றொரு வசதி உண்டு. 1, 1.5, 2, 2.5, 5 மீட்டர், முடிவிலி ஆகிய தொலைவுகளில் ஒன்றை முதலிலேயே குறித்து வைத்துவிட்டால், பொத்தானை நிறுத்தாமல் ஒரே அழுத்தாக அழுத்தும்போது லென்ஸ் எதையும் தேடாமல் அந்தத் தொலைவுக்கே போய் நிற்கும்.

இது ஏன் பலிக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது சுவையானது. குவியத்தூரத்தை (லென்ஸின் மி.மீ. அளவு) அதனாலேயே பெருக்கி, அபெர்ச்சர் எண்ணாலும் (லென்ஸின் திறப்பைக் குறிக்கும் எஃப் எண்) ஏற்கத்தக்க மங்கல் வட்டத்தின் (ஒரு புள்ளி இவ்வளவு பரவினாலும் தெளிவாகவே தெரியும் என்ற வரம்பு) அளவாலும் வகுத்தால் ஒரு தொலைவு கிடைக்கும். அங்கே ஃபோகஸை நிறுத்தினால், அதில் பாதித் தொலைவிலிருந்து முடிவிலி வரை எல்லாம் தெளிவாக விழும். ஜிஆரின் லென்ஸ் 18.3 மி.மீ.; அபெர்ச்சர் எஃப் 8, மங்கல் வட்டம் 0.02 மி.மீ. என்று கொண்டால் விடை ஏறத்தாழ 2.1 மீட்டர். ஆக 2 மீட்டரில் வைத்தால், உங்களிடமிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பவர் முதல் தெருக்கோடி வரை ஏறக்குறைய எல்லாமே தெளிவு.

சிறு சென்சார் கேமரா வைத்திருப்பவர்களுக்கு நற்செய்தி: உங்கள் அகலக் கோணத்தின் உண்மையான குவியத்தூரம் 5 மி.மீ. அளவுதான். எஃப் 2.8-லேயே, 0.005 மி.மீ. மங்கல் வட்டத்துக்குக் கணக்கிட்டால், விடை 1.8 மீட்டர். கையால் தொலைவு குறிக்கும் வசதி இல்லாவிட்டால், இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் தூணைப் பார்த்துப் பாதி அழுத்திக்கொண்டு காத்திருங்கள். விலை உயர்ந்த கேமராக்காரர் பின்னணியை மங்கலாக்கிப் பெருமைப்படுவார். தெருவில் இந்த எளிய கேமராதான் சுகம்.

கேள்வி: சிறு பூவை எடுத்தால் பின்னால் இருக்கும் இலைகள்தான் தெளிவாக வருகின்றன.

ஃபோகஸ் கட்டம் பூவைவிடப் பெரியதாக இருப்பதால், கட்டத்துக்குள் அதிக வேறுபாடு கொண்ட இலைகளே வெல்கின்றன. கட்டத்தைச் சிறியதாக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் பூ இருக்கும் அதே தொலைவில் உங்கள் உள்ளங்கையை நீட்டி, அதன்மேல் பாதி அழுத்தி, கையை மட்டும் விலக்குங்கள். ஜூம் செய்யாமல் நெருங்கிச் செல்வதும் முக்கியம். ஜூம் நீண்டால் லென்ஸ் ஃபோகஸ் செய்யக்கூடிய மிகக் குறைந்த தொலைவும் பெரும்பாலும் நீண்டுவிடும்.

கேள்வி: கையால் ஃபோகஸ் செய்யும்போது விளிம்புகளில் நிறக்கோடு காட்டும் பீக்கிங் வசதியை நம்பலாமா?

அதுவும் கான்ட்ராஸ்ட் கணக்கின் மறுவடிவமே. வேறுபாடு மிகுந்த விளிம்புகளுக்கு அது சாயம் பூசுகிறது; எல்லாவற்றிலும் கூர்மையானது எது என்று சொல்வதில்லை. மென்மையான கன்னத்துக்கு நிறம் வராது, சற்றுப் பின்னால் உள்ள சேலைக் கரைக்கு வந்துவிடும். இடத்தைக் கண்டுபிடிக்கப் பீக்கிங், உறுதிசெய்யப் பெரிதாக்கிக் காட்டும் வசதி என்று இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100 பழையதாக ஒன்று கிடைக்கிறது. அதன் இரட்டை வியூஃபைண்டர் உண்மையில் பயன்படுமா, வெறும் அழகா?

2011-இல் விற்பனைக்கு வந்த அந்தக் கேமராவை நான் ஒரு விடையாகவே பார்க்கிறேன். கண்ணாடி வழியே நேரடிக் காட்சி. அதன் மேல் மிதக்கும் ஒளிச்சட்டம். பாதி அழுத்தியதும் கேமரா தொலைவை அறிந்து, அந்தச் சட்டத்தையே நகர்த்திப் பார்வை விலகலைச் சரிசெய்கிறது. முதல் கேள்விக்காரரின் தலை வெட்டும் தொல்லைக்கு இதுதான் மருந்து. சட்டத்துக்கு வெளியே இருப்பதும் தெரிவதால், உள்ளே நுழையப்போகிறவரை முன்பே காண முடிகிறது. முன்புற நெம்புகோலைத் தட்டினால் அதே துளை மின்னணுக் காட்சியாக மாறும்.

ஆனால் நேரடிக் காட்சியில் ஃபோகஸ் தெரியாது என்ற பழைய குறை இங்கும் உண்டு. அதைப் போக்கத்தான் 2014-இன் எக்ஸ்100டி மாடலில், நேரடிக் காட்சியின் ஒரு மூலையில் ஃபோகஸ் இடத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டும் குட்டி மின்னணுக் கட்டத்தைச் சேர்த்தார்கள். நீங்கள் பார்க்கும் முதல் மாடல் கான்ட்ராஸ்ட் முறையை மட்டுமே நம்பியது. சென்சாரில் ஃபேஸ் டிடெக்‌ஷன் வந்தது 2013-இன் எக்ஸ்100எஸ் மாடலில். வாங்கும்முன் மங்கிய அறையில் ஒரு முகத்தைக் குறிவைத்துப் பத்து முறை பாதி அழுத்திப் பாருங்கள். நெம்புகோலையும் பலமுறை தட்டி, காட்சி மாறும்போது உள்திரை தடங்கலின்றி விலகுகிறதா என்று கவனியுங்கள்.