சிசேரியன் தையல் விட்டுப்போனால் திரும்பத் தைக்காமல் திறந்தே விடுவது சரியா?

தங்கச்சி, நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் வீட்டுக்கு வந்த பிறகு தையலின் ஒரு பக்கம் விட்டு சீழ் வந்திருக்கிறது. வார்ட்டில் அதை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு, தினமும் டிரெசிங் மட்டும் செய்து அனுப்புகிறார்கள். வீட்டில் ஆளாளுக்கு "புண்ணை வாய் திறந்தபடி விடுவார்களா, இது என்ன வைத்தியம்" என்று உங்கள் உயிரை வாங்குகிறார்கள். அப்படித்தானே? பெரும்பாலும் அது சரியான வைத்தியம்தான். நான் டொக்டர் இல்லை, காப்புறுதிக் கம்பனியில் கணக்குப் பார்க்கிறவள். "இவள் யார் மருத்துவம் சொல்ல" என்று பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், நான் யாருக்கும் மருந்து எழுதிக் கொடுக்கவில்லை. எனக்கு நடந்ததையும், அதற்குப் பிறகு தேடிப் படித்ததையும் சொல்கிறேன்.

எனக்குக் கர்ப்பத்தில் சீனி (நீரிழிவு) இருந்தது. சீனி இருந்தால் தையலில் கிருமி பிடிக்கும் வாய்ப்புக் கூட. வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் நைட்டியின் முன்பக்கம் ஈரமாக இருந்தது. பால்தான் சிந்தியிருக்கிறது என்று நினைத்தேன், மணத்தில்தான் தெரிந்தது. கிளினிக்கில் டொக்டர் பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே விட்டு ஆழம் பார்த்தார். "தோலும் கொழுப்பும்தான் விட்டிருக்கிறது, வயிற்றுச் சுவரின் சவ்வு நன்றாக இருக்கிறது" என்றார். நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான், அந்தச் சவ்வு பிரியவில்லையா என்று. அது பிரிந்திருந்தால் கதை வேறு, உடனே ஒபரேஷன் தியேட்டர்தான்.

சவ்வு சரியாக இருந்தும் ஏன் தைப்பதில்லை? கிருமியை உள்ளே வைத்துத் தைத்தால் சீழுக்கு வெளியே வர வழியில்லை, உள்ளேயே கட்டிக்கொள்ளும். அதனால் அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வரும்படி விடுகிறார்கள். மேல்தோல் அவசரப்பட்டு முதலில் மூடிவிடக் கூடாது என்பதற்காகத்தான் உள்ளே கோஸ் என்கிற மெல்லிய வலைத்துணி வைப்பது. எங்கள் மிஸ்ஸி (தாதி) சேலைனில் நனைத்த கோஸ் நாடாவை ஃபோர்செப்ஸால் மெல்ல மெல்ல உள்ளே விடுவார். இறுக்கி அடைக்க மாட்டார், தளர்வாகத்தான். "நங்கி, இங்க பாருங்க" என்று ஒருநாள் ஃபோனில் படம் எடுத்துக் காட்டினார். அடியில் மாதுளம் முத்து மாதிரி சிவப்புச் சிவப்பாகச் சதை. தொட்டால் இலேசாக இரத்தம் கசிந்தது. பயந்துவிட்டேன். அதுதான் நல்ல அறிகுறியாம், புது இரத்தக் குழாய்கள் வருகின்றன என்று அர்த்தம்.

"ஈரமாக வைத்தால் அழுகாதா, காற்றுப் பட விடு" என்று எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். 1962இல் ஜார்ஜ் வின்டர் என்பவர் பன்றிகளின் தோலில் மேலோட்டமான காயம் போட்டு, சிலதைக் காய விட்டார், சிலதை மெல்லிய பொலித்தீன் படலத்தால் மூடினார். மூடியவற்றில் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்தது. இன்றைய டிரெசிங்குகள் பலவும் அந்த யோசனையிலிருந்து வந்தவை.

இனி சாப்பாடு. நான் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். எங்கள் மாமி நல்ல மனுசி, இரவிரவாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர். ஆனால் தோடம்பழத்தைக் கையில் எடுத்தால் போதும். "பிள்ளை, அதைத் தொடாதை. கிரந்தி. புண் சீழ் கட்டும்." கிரந்தி என்றால் புண்ணைக் கிளறிவிடும் சாப்பாடாம். தக்காளி கிரந்தி, கத்தரிக்காய் கிரந்தி, இறால் கிரந்தி, தேசிக்காய் குளிர். புண்ணோடு இருக்கிற எனக்குக் கிடைத்தது சோறும், மருந்துச் சாமான் அரைத்து வைக்கும் சரக்குக் கறியும். பத்தியம் முழுக்கத் தப்பென்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். பால்சுறா வறையில் புரதம் இருக்கிறது, புண் ஆறப் புரதம் வேண்டும். ஆனால் புளிப்புப் பழத்தைத் தடுப்பது புண்ணுக்கே எதிரான வேலை.

1939இல் அமெரிக்காவில் பொஸ்டன் நகரத்தில் ஜோன் க்ராண்டன் என்ற இளம் சத்திரசிகிச்சை டொக்டர் ஒருவர் தன் உடம்பிலேயே இதைச் சோதித்தார். பழம், காய்கறி எதுவும் இல்லாமல் வைட்டமின் சி அறவே அற்ற சாப்பாட்டில் ஆறு மாதம் இருந்தார். மூன்றாம் மாதம் முதுகில் ஒரு வெட்டுக்காயம் போடச் செய்தார், அது ஒழுங்காக ஆறியது. ஆறாம் மாதம் இன்னொன்று. அது தோலில் மூடியது மாதிரித் தெரிந்தாலும் உள்ளே ஒட்டவேயில்லை. பிறகு வைட்டமின் சியை ஊசியில் ஏற்றியதும் அதே காயம் ஆறத் தொடங்கியது. காயத்தைப் பிடித்து நிறுத்தும் கொலாஜன் நாருக்கு அந்த வைட்டமின் இல்லாமல் முறுக்கு ஏறாது. மூன்றாம் மாதக் காயம் ஆறியதையும் கவனியுங்கள். நாலு நாள் பழம் சாப்பிடாததால் உங்கள் தையல் விடவில்லை, குளிசையை அள்ளி விழுங்கினால் இரட்டை வேகத்தில் ஆறப்போவதும் இல்லை. ஆனால் பால் கொடுக்கிறவளுக்கு மற்றவர்களை விடக் கூடுதலாகத் தேவை. மாமிக்கு இந்தக் கதையை முழுக்கச் சொன்னேன். "அவன் வெள்ளைக்காரன், அவனுக்கு உடம்பு வேறை" என்றார்.

அடுத்தது கனடா மச்சாள். "இங்கை எல்லாருக்கும் வாக் மெஷின் போடுவினம், உங்கடை ஆஸ்பத்திரியிலை கேட்கேல்லையோ" என்று வட்ஸ்அப்பில் ஒரே குரல் பதிவு. புண்ணின் மேல் ஸ்பொஞ்ச் வைத்து மூடி, காற்றை உறிஞ்சி இழுக்கும் கருவி அது. பிளாஸ்டிக் சர்ஜன் லூயிஸ் ஆர்ஜென்டாவும் மைக்கல் மொரிக்வாஸும் 1997இல் எழுதிய கட்டுரைகளுக்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. பெரிய, ஆழமான புண்ணுக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் சிசேரியன் தையலில் கிருமி வராமல் தடுக்க, உடல் பருமன் கூடிய பெண்களுக்கு அதை முன்கூட்டியே போட்டுப் பார்த்த ஆய்வுகள் அவ்வளவு எடுபடவில்லை. அமெரிக்காவில் 1,600க்கும் மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்து 2020இல் வெளியான ஆய்வைப் பலன் தெரியாமல் பாதியிலேயே நிறுத்தினார்கள். 2021இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வில் 2,035 பெண்கள். கருவி போட்டவர்களில் 7.4 சதவீதம், சாதாரண டிரெசிங்கில் 9.7 சதவீதம் பேருக்குக் கிருமி. அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள், கருவி போட்டவர்களுக்குத் தோலில் கொப்புளம் வேறு கூட. இவை மூடிய தையலில் செய்தவை, உங்களுடையது திறந்த புண். அதனால் டொக்டர் வேண்டுமென்றால் போடட்டும், மச்சாள் சொல்கிறார் என்பதற்காகக் கடன் வாங்கிப் போட வேண்டாம்.

டிரெசிங்கை விட எனக்குக் கஷ்டமாக இருந்தது ஓடாத எங்கள் லிஃப்ட். கொழும்பு வெள்ளவத்தையில் கடல் பக்க ஒழுங்கையில் நாலாம் மாடி. மாதா மாதம் பராமரிப்புக் காசு மட்டும் தவறாமல் வாங்குவார்கள். வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு படி இறங்கி, ஓட்டோ பிடித்து, திரும்ப ஏறி வந்து கமிட்டித் தலைவரைக் கேட்டால் "பார்ட்ஸ் வர வேணும்" என்பார். அதே கிழமை அவருடைய மகளின் கலியாணத்துக்கு லிஃப்ட் ஓடியது! இதை எங்கே போய்ச் சொல்வது?

சரி, உங்கள் விஷயம். காய்ச்சல், புண்ணைச் சுற்றிச் சிவப்புப் பரவுவது, தோல் கறுப்பது, தாங்க முடியாத வலி, திடீரென்று இளஞ்சிவப்பு நீர் கொட்டுவது, இதில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்காதீர்கள், இரவென்றாலும் போங்கள். மஞ்சள், சந்தனம், பவுடர் எதையும் உள்ளே போட விடாதீர்கள். இன்னொன்று, புண் சுத்தமான பிறகு திரும்பத் தைக்கலாமா என்று டொக்டரிடமே கேளுங்கள். என் பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு அப்படித் தைத்தார்கள், என்னை விடச் சீக்கிரம் ஆறிவிட்டது. என்னுடையது ஆழம் குறைவு என்பதால் தானாக மூடட்டும் என்று விட்டார்கள். கொய்யாப்பழம் சாப்பிட்டால் பிள்ளைக்கு வயிறு வலிக்கும் என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும், சாப்பிடுங்கள்.